பதினான்கு வருட ஓட்டமும் ஒரு எல் போர்டும்

மோர்டன், லண்டன்
பங்குனி மாதம், ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மகள் தர்மிகாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் கல்கரிக் குளிரும் ஒருவரையொருவர் சமாளித்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் சுகம், வலது முழங்கால் மட்டும் முக்கால் சுகம். வட்சப்பில் நாலு வரி போடாமல் இந்த மனுசி ஏன் கடதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டு குந்தினாள் என்று யோசிப்பாய். இரண்டு கிழமையாக நீ போன் எடுக்கவில்லை, எடுத்தாலும் நான் வாய் திறக்க முதலே கத்தத் தொடங்குவாய், பிறகு அழுவாய், பிறகு கட் பண்ணுவாய். கடிதத்தைக் கட் பண்ண ஏலாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்கிறதென்றாலும் ஒருதரம் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய், நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியாதா. ஆறுதலாக இருந்து முழுதையும் வாசி, தேத்தண்ணி ஏதும் போட்டு வைத்துக்கொள், கதை கொஞ்சம் நீளம்.

வீட்டுச் சங்கதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அப்பாவின் திவசம் வைகாசியில் வருகிறது, ஐயரிடம் சொல்லிவைத்துவிட்டேன். மூன்று வருடம் ஆகப்போகிறது. நீ கடைசியாக இந்த வீட்டு வாசலில் சப்பாத்துக் கழற்றியது அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, அதற்குப் பிறகு நீ எனக்கு ஒரு கண்ணாடித் துண்டுக்குள் வருகிற முகம்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, உனக்கு வேலை, லீவு இல்லை, டிக்கெட் விலை, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தனிமையாகத்தான் இருக்கிறது பிள்ளை, அதை இல்லையென்று எழுதினால் பொய். கார்ஷால்டன் முதியோர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தால் திங்கள் விடிய மட்டும் ஒருவரோடும் கதைக்காத கிழமைகள் உண்டு. போன மாதம் ஒரு திங்கள் காலை வேலைக்குப் போய் குட் மோர்னிங் சொல்ல வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டுத்தான் சொன்னேன். சளித் தடிமன் என்று நினைத்து மனேஜர் எனக்குத் தொண்டைக்கு ஒரு லொசெஞ்சர் தந்தாள், நானும் நன்றி சொல்லி வாயில் போட்டுக்கொண்டேன்.

அதனால்தான் அந்த ஸ்கூட்டர் எனக்குப் பெரிய விஷயம். நீ அதை ஏதோ வயது போன நேரத்து விளையாட்டு என்று நினைக்கிறாய். இரண்டு பஸ் மாறிப் போய் ஆறே முக்கால் ஷிப்டுக்கு மூச்சு வாங்க ஓடின காலம் உனக்குத் தெரியாது, பிந்தி வந்ததற்கு எனக்கு ஒருதரம் எழுத்திலேயே எச்சரிக்கை தந்தார்கள், அதை உனக்கு நான் சொல்லவில்லை. பக்கத்துத் தெரு செபமாலைமுத்து அண்ணை தன் மகன் விட்டுவிட்டுப் போன 125 ஸ்கூட்டரைத் தரலாம் என்று சொன்னபோது கடவுளே வந்து சொன்ன மாதிரி இருந்தது. ஒருநாள் பயிற்சி எடுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் எல் போர்ட் ஒட்டி, ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடின நான் ஐம்பத்தாறு வயதில் மறுபடியும் ஓடத் தொடங்கினேன். ஹெல்மெட்டுக்குள் இருந்து நான் கதைப்பேன், அது உனக்குத் தெரியுமா? கண்ணாடியை இறக்கிவிட்டால் ஒருவருக்கும் கேட்காது. இன்றைக்கு என்ன சமைக்கிறது, மனேஜர் என்ன சொன்னாள், தர்மிகா இன்னும் படுக்கவில்லைப் போல, இப்படி எல்லாம் கதைத்துக்கொண்டு போவேன். இன்னொரு விஷயம், இங்கே மோட்டார் சைக்கிள்காரர் ரோட்டில் ஒருவரையொருவர் கண்டால் தலையை ஒருக்கால் ஆட்டுவார்கள். பெரிய தாடியும் தோல் ஜக்கெட்டும் போட்ட வெள்ளைக்காரன், சாப்பாடு கொண்டு ஓடுகிற பெடியன், எல்லோரும் எனக்குத் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன். சில சனிக்கிழமைகளில் டூட்டிங்குக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று உனக்குச் சொல்வது பாதி பொய், அந்தத் தலையாட்டலுக்காகவும்தான் போகிறேன்.

இனி நீ கோபிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் பங்குனியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இன்சூரன்ஸ் எடுத்ததை நினைத்துப் பார். நீ அங்கே கம்பியூட்டரில் அமத்த, நான் இங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். பெயர், பிறந்த திகதி, இரவில் எங்கே விடுவீங்கள், எல்லாம் கேட்டாய். பிறகு, ‘அம்மா, நீங்கள் எத்தினை வருசம் ஓடினனீங்கள்?’ என்று கேட்டாய். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எண்பத்தொன்பதிலிருந்து நாங்கள் லண்டன் வந்த இரண்டாயிரத்து மூன்று மட்டும், பதினான்கு வருடம் என்று சொன்னேன். நீ பதினான்கு என்று அடித்தாய். விலை அரைவாசிக்கும் கீழே இறங்கியது, ‘அம்மா, உங்கட அனுபவத்துக்குக் கிடைச்ச மரியாதை’ என்று நீ சிரித்தாய். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இந்த நாட்டில் முதன்முதலாக என் பழைய காலத்தை யாரோ கணக்கில் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்கித் தனியாக இருந்து தின்றேன்.

அவர்கள் கேட்டது வேறு பிள்ளை. இந்த நாட்டு முழு லைசென்ஸை எத்தனை வருடமாக வைத்திருக்கிறாய் என்றுதான் அந்தக் கேள்வி. உனக்கும் அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, எங்கள் ஊர் லைசென்ஸை இங்கே மாற்றித் தரவும் மாட்டார்கள். எல் போர்ட் ஒட்டின ஒரு மனுசி பதினான்கு வருட முழு லைசென்ஸ்காரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் நிம்மதியாக ஓடித் திரிந்தாள்.

கார்த்திகையில் றோஸ்ஹில் ரவுண்டபவுட்டில் விழுந்தேன். மழை, ஈர இலை, முன்னால் போன கார் திடீரென்று நின்றது, நான் பிறேக் பிடிக்க ஸ்கூட்டர் வழுக்கிப் போய் அதன் பின்கதவில் உரசியது. முழங்காலில் கண்டலும் கொஞ்சம் இரத்தமும், அவ்வளவுதான். கார்க்காரர் நல்ல மனிதர், என்னைத் தூக்கிவிட்டு, பேரும் இன்சூரன்ஸ் விபரமும் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். நான் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு உன்னோடு வீடியோவில் கதைக்கும்போது காலை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். நீ ‘ஏன் முகம் வாடிப்போச்சு’ என்று கேட்டாய், நான் வெங்காயம் வெட்டினேன் என்றேன்.

செபமாலைமுத்து அண்ணையிடம் மட்டும் சொன்னேன். அவர்தான் என் பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அந்தப் பதினான்கைக் கண்டுபிடித்தார். ‘தங்கச்சி, இது பிழையெல்லே. போன் கீன் எடுத்து ஒண்டும் சொல்லாதையும். கார்க்காரனுக்குக் கையில காசைக் குடுத்து அலுவலை முடிச்சுவிடும், இவங்கள் அறிஞ்சால் கான்சல் பண்ணுவாங்கள், ஒருக்கால் கான்சல் பண்ணினால் பிறகு ஒருத்தனும் உமக்கு இன்சூரன்ஸ் தரமாட்டான்’ என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை, பயத்தில் சொன்னவர். எனக்கும் அதே பயம். இன்சூரன்ஸ் போனால் ஸ்கூட்டர் இல்லை, ஸ்கூட்டர் இல்லையென்றால் காலை ஷிப்ட் இல்லை, வேலை இல்லையென்றால் இந்த வீட்டைத் தனியாக வைத்திருக்க ஏலாது, பிறகு நீ சொல்கிற கல்கரி பேஸ்மென்ற் அறைதான். இரண்டு நாள் நித்திரை இல்லை. மூன்றாம் நாள் காலையில் கார்க்காரரே போன் எடுத்து, ‘உங்கள் கால் எப்படி இருக்கிறது’ என்று கேட்டார், காசைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு நான் ஒளித்து விளையாட முடியாது என்று நினைத்து, அவர் வைத்த உடனேயே இன்சூரன்ஸ்காரருக்கு அடித்தேன்.

எடுத்தது மேகன் என்று ஒரு பெட்டை, உன்னைவிட இளம் குரல். எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். லைசென்ஸ் இடத்துக்கு வந்ததும் நானே சொன்னேன், பதினான்கு என்று போட்டிருக்கும், அது பிழை, இங்கே நான் எல் போர்ட்தான் என்று. படிவத்தை யார் நிரப்பினது என்று கேட்டாள். மகள் அமத்தினாள், ஆனால் பதினான்கு என்று சொன்னது என் வாய், அவள் என்னை நம்பித்தான் போட்டாள் என்று சொன்னேன். பிறகு அவள் பதினான்கு வருடம் எங்கே ஓடினீர்கள் என்று கேட்டாள். அது அவளுடைய வேலைக்கான கேள்விதானோ, சும்மா கேட்டாளோ தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஹொண்டா பிப்ரி என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் ஓடினேன், யுத்தத்தில் பெற்றோல் வராமல் தடை போட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடினேன் என்றேன். மோட்டார் சைக்கிளையா, மண்ணெண்ணெயிலா என்று கேட்டாள். ஓம், ஸ்டார்ட் ஆக மட்டும் சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோல் விடவேண்டும், பிறகு மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு புகைத்துப் புகைத்து ஓடும், என்ஜின் நின்றால் மறுபடியும் நாலு துளி வேண்டும் என்று சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு நிறையக் கேட்டாள், நானும் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில், அதைக் கணக்கில் எடுக்கத்தான் எனக்கும் ஆசை, ஆனால் அதைப் போட என் ஸ்கிரீனில் ஒரு பெட்டி இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பயத்தில் இல்லை, அவ்வளவு நேரம் என்னோடு ஒருவர் கதைத்து எவ்வளவு காலம் என்று நினைத்துத்தான்.

மார்கழி முழுக்கப் பதில் வரவில்லை. தபால்காரன் வருகிற சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். தைப்பொங்கலுக்கு முதல் பதில் வந்தது. வேண்டுமென்று செய்த பொய் இல்லை, கவனக்குறைவு என்று எடுத்திருக்கிறார்கள், கார்க்காரருக்கான காசை அவர்களே கொடுத்தார்கள், என் பத்திரத்தைத் திருத்திக் கூடுதல் காசு கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டேன். இப்போது ரினியூவல் வர, விபத்தையும் சேர்த்து விலை போன முறையின் இரண்டரை மடங்கு. அது, பதினான்கைத் திருத்தின விபரத்தோடு, உன் ஈமெயிலுக்கும் வருமென்பதை மறந்துபோனேன். நீ அதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கத்தினாய், ‘விழுந்ததை ஏன் மறைச்சனீங்கள், உந்த ஸ்கூட்டரை வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ’ என்று. எனக்குத் தெரியும் மகள், நீ கோபித்தது என்னோடு இல்லை, அந்தப் பதினான்கோடு. உன்னால்தான் அம்மா மாட்டுப்பட்டாள் என்று உனக்குள் குமைந்துகொண்டிருக்கிறாய். விடு பிள்ளை. நீ போட்டது பொய் இல்லை, நான் ஓடின வருடம்தான் அது. இனிமேல் படிவத்தில் சந்தேகம் வந்தால் போன் பண்ணிக் கேள், அவ்வளவுதான் பாடம்.

கல்கரிக்கு வா என்கிறாய். உன் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பார், முப்பத்தைந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கினபோது எனக்கு எல்லாம் பூச்சியம். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதின வேலை பூச்சியம், படிப்பு பூச்சியம், பாஷை பூச்சியம். ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இப்போது ஓடுகிற அனுபவத்திலும் ஒரு வருடம் என்று ரினியூவல் தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள். அங்கே வந்தால் மறுபடியும் முதலில் இருந்து தொடங்கவேண்டும், உன் பேஸ்மென்றில் நீ வேலையால் வரும்மட்டும் ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். என் தனிமை இங்கே என்றால் எனக்குப் பழகின தனிமை, வழியில் நாலு பேர் தலையாவது ஆட்டுவார்கள். மேகன் இன்னொன்றும் சொன்னாள். விபத்தில்லாமல் ஓடினால் ஒவ்வொரு வருடமும் கணக்கில் சேரும், ஆனால் இரண்டு வருடம் ஓடாமல் விட்டால் சேர்த்ததெல்லாம் அழிந்துபோகுமாம். நீ வந்து மூன்று வருடம். உனக்கும் எனக்கும் இடையில் அப்படி ஒரு சட்டம் இல்லாதது நல்லதுதான், என்ன?

முகத்தைச் சுளிக்காதே, இனி நல்ல செய்தி. நான் முழு லைசென்ஸ் எடுத்துவிட்டேன். ஓம், வடிவாக வாசி, எடுத்துவிட்டேன். தை மாதம் தொடங்கி ஹரீஷ் என்ற மலேசியத் தமிழ்ப் பெடியனிடம் பழகினேன், எழுத்துச் சோதனை, மைதானச் சோதனை, ரோட்டுச் சோதனை மூன்றும் பாஸ். போன செவ்வாய்க்கிழமைதான் கடைசிச் சோதனை, உனக்குச் சொல்ல எடுத்தேன், நீ எடுக்கவில்லை. மைதானத்தில் ஒரு சோதனை இருக்கிறது, ஆள் நடக்கிற வேகத்தில் கால் ஊன்றாமல் ஓடிக் காட்டவேண்டும். இளம் பெடியளெல்லாம் அதில்தான் ஆடிப்போகிறார்கள். நான் ஒரு அசைவில்லாமல் ஓடினேன். ஹரீஷ் ஓடி வந்து, ‘ஆண்டி, இதை எங்க கத்துக்கிட்டீங்க? நான் சொல்லிக் கொடுக்கலையே’ என்று கேட்டான். ஊரிலே என்று மட்டும் சொன்னேன். உனக்குச் சொல்கிறேன். தொண்ணூற்றைந்தில் யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, நாவற்குழிப் பாலத்தில் அத்தனை சனம், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. அப்பா சைக்கிளில் பெட்டியோடு எங்கேயோ பின்னால். உன்னை என் நெஞ்சோடு சேலையால் கட்டியிருந்தேன், உனக்கு ஒரு வயது. என் பெற்றோல் போத்தல் காலி, என்ஜின் நின்றால் திரும்ப எடுக்க ஒரு துளி இல்லை. அதனால் நிற்பாட்டாமல், காலும் ஊன்றாமல், சனத்தோடு சனமாக நடை வேகத்திலேயே விடியும்மட்டும் ஓடினேன். நீ நல்ல நித்திரை. அதற்கு ஒருவரும் பெட்டி வைத்திருக்கமாட்டார்கள், பரவாயில்லை, சோதனைக்காரி தன் தாளில் ஒரு பிழையும் போடவில்லை.

முழு லைசென்ஸ் வந்தவுடன் இன்சூரன்ஸ்காரருக்கு அறிவித்தேன், விலை கொஞ்சம் இறங்கியது. இந்த முறை ஒரு ஆம்பிளைக் குரல், கேள்விகளை வரிசையாக வாசித்தான். பின் சீற்றில் ஆள் ஏற்றுவீர்களா என்றும் கேட்டான். எல் போர்ட் காலத்தில் ஆள் ஏற்றக்கூடாது, ஆகையால் போன வருடம் நீயும் நானும் அதற்கு யோசிக்காமலே ‘இல்லை’ என்று போட்டோம். இந்த முறை யோசித்தேன். இந்த ஊரில் என் பின்னால் ஏற எனக்கு யார் இருக்கிறார்கள்? இல்லை என்றால் விலை இன்னும் கொஞ்சம் குறையும் என்றும் சொன்னான். ‘ஓம்’ என்று சொல்லிவிட்டேன், தமிழில். அவன் என்ன என்று கேட்க, பிறகு யெஸ் என்றேன். அதற்கும் சேர்த்துக் கட்டியாயிற்று, இந்த முறை பொய்ப் பதில் என்று யாரும் சொல்லக்கூடாது, அதை நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நேற்று உனக்கு ஹெல்மெட் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரன் தலை என்ன அளவு என்று கேட்டான். உன் சப்பாத்து அளவு தெரியும், சட்டை அளவு தெரியும், தலை அளவு தெரியாமல் நின்றேன். எனக்குத் தெரிந்ததைக் கை இரண்டையும் வைத்துக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டு, அது கைக்குழந்தையின் அளவு அம்மா என்றான். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புச்சத்துக் குளிசையை விடாதே, காரின் குளிர்கால டயரை அவசரப்பட்டு மாற்றாதே. அந்தக் கல்யாண விஷயம் கேட்க இந்தத் தாளில் இடமில்லை, பயப்படாதே. பிள்ளையாரும் உன் அப்பாவும் உனக்குத் துணையிருக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நல்லாயிரு.

மறக்காமல் ஒன்று செய். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுகளுக்கு மேலால், பின்மண்டையைச் சுற்றி ஒரு நூல் பிடி. எண் எழுதி அனுப்பாதே, எண்ணில் பிழை வந்து பட்டது போதும். நூலையே வெட்டி உறைக்குள் வைத்து அனுப்பு, நான் அளந்துகொள்கிறேன்.

பின் சீற்றைத் துடைத்து வைத்திருக்கும்
உன் அம்மா,
சந்திரவதனா